ஐந்தாவது சக்கரமும் இரண்டு ஊன்றுகால்களும்

அவனியாபுரம் பைபாஸ் ஓரத்தில் முன்வண்டியைக் கழற்றிவிட்டுத் தனியே நிறுத்திய டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் சக்கரங்கள், முன்னால் இரண்டு இரும்புக் கால்கள். லாரிக்காரர்கள் 'லேண்டிங் லெக்' என்பார்கள். நான் படித்த பிரெஞ்சில் இதற்குப் பெயர் 'பெக்கிய்'. கால் ஒடிந்தவன் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும் கோலுக்கும் அதே சொல்தான்.

எங்கள் தெருவில் டிரெய்லர் ஓட்டும் தம்பி ஒருவர், போன வருடம் மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். அவர் வண்டியின் ஊன்றுகால் ஒரே வருடத்தில் மூன்று முறை வளைந்துவிட்டது. "நீ சரியாக ஓட்டவில்லை" என்று முதலாளி ஒவ்வொரு முறையும் சம்பளத்தில் பிடித்துவிட்டார். குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு விஷயம் தெரியாமல் மனு எழுத வராது. அதனால் கொஞ்சம் படித்தேன்.

இந்தத் தொல்லை புதிதல்ல. நம் மாட்டு வண்டிக்கும் இரண்டே சக்கரம்தான். மாட்டை அவிழ்த்தால் நுகத்தடி தரைக்கு வந்துவிடும். பாரம் இருந்தால் ஏர்க்காலுக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுப்பார்கள். இழுப்பவன் தோளில் பாதிப் பாரத்தை வைத்த எந்த வண்டிக்கும், அவன் விலகினால் ஒரு கால் வேண்டும்.

'ஐந்தாவது சக்கரம்' என்ற பெயர் நான்கு சக்கரக் குதிரை வண்டியிலிருந்து வந்தது. முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் படுக்கை வாட்டில் ஒரு இரும்பு வளையம் வைத்தார்கள். உருளாத சக்கரம் அது. இன்றைய லாரியில் டிரெய்லரின் கிங்பின் வந்து பூட்டிக்கொள்ளும் தட்டுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது. நம் ஊரில் 'டர்ன்டேபிள்' என்கிறார்கள்.

1914ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சிப்லி என்ற மர வியாபாரி தன் படகை ஊருக்கு எடுத்துப்போக வழி கேட்டார். வண்டி கட்டும் கொல்லரான ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப், ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் மாட்டும் ஒரு வண்டியைச் செய்து கொடுத்தார். 'செமி டிரெய்லர்' தொழில் வளர்ந்தது அதிலிருந்துதான். விமானம் செய்த கிளென் கர்ட்டிஸ் 1920களில் இதையே குடியிருக்கும் வண்டியாக்கினார். அவருடைய 'ஏரோகார்' வண்டியின் இணைப்பில் ஒரு விமான டயரையே படுக்க வைத்திருந்தார். அங்கே இன்று என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் அந்த இன வண்டிகளில் ஊர் சுற்றுகிறார்கள். கால் தொல்லை அவர்களையும் விடவில்லை.

1930களில் இங்கிலாந்தின் ஸ்கேமல் நிறுவனம் 'மெக்கானிக்கல் ஹார்ஸ்' என்ற மூன்று சக்கர இழுவை வண்டியைக் கொண்டுவந்தது. அது பின்னோக்கி வந்து டிரெய்லரைக் கவ்வும்போது ஊன்றுகால் தானே மடங்கிக்கொள்ளும். பிரான்சில் ஃபார் நிறுவனம் உரிமம் வாங்கி அதைச் செய்தது. ஆனால் உலகம் கையால் சுற்றும் காலையே அதிகம் வைத்துக்கொண்டது. உள்ளே ஒரு திருகு, மேலே பற்சக்கரம், இரண்டு காலையும் இணைக்கும் தண்டு. மலிவு, ரிப்பேர் சுலபம்.

நம் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பைபாஸ் பட்டறையில் ஒரு பெரியவர் காலைத் தொடக்கூட இல்லை. நாடாவை எடுத்து டர்ன்டேபிள் உயரத்தை அளந்தார். முதலாளி வேறு முன்வண்டி வாங்கியிருந்தார். அதன் தட்டு பழையதைவிட உயரம். தம்பியோ பழைய கணக்கிலேயே கைப்பிடியைச் சுற்றிக் காலை இறக்கிவந்தார். தரைக்கும் காலுக்கும் இடைவெளி இருந்தது. முன்வண்டி விலகியதும் மொத்தப் பாரமும் தொப்பென்று காலில் விழுந்தது. திரும்ப மாட்டும்போது டிரெய்லரின் மூக்கு தாழ்ந்திருந்ததால், தட்டு மேலே ஏறாமல் டிரெய்லரையே பின்னுக்குத் தள்ளியது. கால் வளையாமல் என்ன செய்யும்? ஒரு பக்கம் கரிசல் மண்ணில் புதைந்ததால் இணைப்புத் தண்டும் முறுக்கிக்கொண்டிருந்தது. மூன்று முறையும் புதுக் காலை மாட்டினார்களே ஒழிய, இந்த உயரத்தை யாரும் பார்க்கவில்லை.

பெரியவர் சொன்னது: கால் தரையைத் தொட்ட பிறகும் கனத்த கியரில் சில சுற்று சுற்றி, பாரம் காலுக்கு வந்த பிறகே பூட்டை விடு. அடியில் பலகை போடு. மாட்டும்போது மூக்கின் உயரத்தைக் குனிந்து பார். திருகுக்குக் கிரீஸ் வை.

மனுவில் இரண்டு வண்டிகளின் உயரத்தையும் அளந்தபடியே எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. மூன்றாவது முறை பிடித்த பணத்தை முதலாளி திருப்பிக் கொடுத்தார். முதல் இரண்டு முறை பிடித்ததற்கு இன்னும் பதில் இல்லை. நினைவூட்டல் கடிதம் போட்டிருக்கிறேன்.