பன்னிரண்டா? பதின்மூன்றா?

நடுவர் அவர்களே! எதிரணியில வரிசையா உட்கார்ந்து என்னையே முறைச்சுக்கிட்டிருக்கிற நண்பர்களே! அரங்கத்திலும், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் குடும்பத்தோடு அமர்ந்திருக்கிற பெருமக்களே! 

முப்பது வருஷமா மேடையில பேசிக்கிட்டிருக்கேன். மாமியாரா மருமகளா பேசியாச்சு. காதல் திருமணமா, பெரியோர் பார்த்த திருமணமா, அதுவும் பேசியாச்சு. ஆனா, அயர்லாந்து நாட்டு லென்ஸ்டர் ரக்பி அணியின் வரலாற்றிலே பெருமைக்கு உரியவர் பன்னிரண்டாம் எண் சட்டைக்காரரா, பதின்மூன்றாம் எண் சட்டைக்காரரா என்று ஒரு தலைப்பை நடுவர் கொடுத்தப்போ, என் வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "ஏங்க, உங்களுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" (சிரிப்பு)

சம்பந்தம் இருக்கு. என் மகள் டப்ளின்ல இருக்கா. பேரப்பிள்ளை பிறந்தப்போ மூணு மாசம் அங்கே போயிருந்தேன். வெளியிலே விடாத மழை. உள்ளே மருமகன் பழைய ஆட்டங்களை எல்லாம் ஒண்ணொண்ணா போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் குழந்தையைப் பார்க்க வருவார். வந்தவர் குழந்தையை விட்டுட்டு என் மருமகனோட வாதம் பண்ண ஆரம்பிச்சுடுவார். என்ன வாதம்? இதே வாதம்தான்! பட்டிமன்றம் நம்ம ஊர்ல மட்டும்தான் இருக்குன்னு நினைச்சேன். அங்கேயும் இருக்குங்க, நடுவர் மட்டும்தான் இல்லே. (சிரிப்பு)

முதல்லே தாய்மார்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிடறேன். பக்கத்துக்கு பதினைந்து பேர். எண்பது நிமிஷ ஆட்டம். முட்டை வடிவத்திலே ஒரு பந்து. அதை எதிரியின் கோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்த் தரையிலே அழுத்தினா 'ட்ரை', ஐந்து புள்ளி. பந்தோட ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம். நம்ம கபடி மாதிரி. ஆனா ஒரு விதி இருக்குது பாருங்க, அங்கேதான் தத்துவமே இருக்கு. பந்தைக் கையால முன்னாடி வீசக் கூடாது! காலால உதைக்கலாம், கையால கொடுக்கறதா இருந்தா பின்னாடி வர்றவனுக்குத்தான் கொடுக்கணும். அதாவது, அணி முன்னேறணும்னா, முன்னால போறவன் பின்னால வர்றவனுக்குக் கொடுக்கணும். குடும்பம் நடத்தறதும் அப்படித்தானே ஐயா! (கைதட்டல்)

இந்தப் பதினைந்து பேரில் நடுவே நிற்கிற இரண்டு பேருக்கு 'சென்டர்' என்று பெயர். உள்பக்கம் நிற்பவர் பன்னிரண்டு. வெளிப்பக்கம் நிற்பவர் பதின்மூன்று. பன்னிரண்டுக்கு என்ன வேலை? பந்தை வாங்கிக்கிட்டு நேரே எதிரிகள் நிற்கிற இடத்துக்கே ஓடணும். இரண்டு பேர் வந்து அவன் மேல விழுவாங்க. இரண்டு பேர் இவன் மேல விழுந்தா அந்தப்பக்கம் என்ன ஆகும்? ஒரு சந்து திறக்கும். அந்தச் சந்திலே பதின்மூன்று ஓடுவான். ட்ரை போடுவான். படம் யார் படம் வரும்? ஓடினவன் படம்! அடி வாங்கினவன் அந்தப் படத்திலே இருக்கவே மாட்டான்.

அயர்லாந்திலே நான்கு மாகாணங்கள்: அல்ஸ்டர், மன்ஸ்டர், கொனாட், லென்ஸ்டர். நமக்குச் சேர, சோழ, பாண்டிய, தொண்டை நாடு மாதிரி. லென்ஸ்டருக்குள்ளே பன்னிரண்டு மாவட்டங்கள், தலைநகர் டப்ளின் உட்பட. அந்த மாகாண அணியின் கதையைத்தான் பேசுகிறோம்.

எதிரணித் தலைவி அம்மா வந்தாங்க. பிரையன் ஓ'டிரிஸ்கால் என்று ஒரே பெயரைச் சொன்னாங்க. அரங்கமே அதிர்ந்தது. நான் மறுக்கலே. மறுத்தா எனக்குப் பாவம் வரும். 1999-லே அயர்லாந்துக்காக ஆட வந்தவர், 2014 வரைக்கும் பதினைந்து வருஷம். அயர்லாந்துக்கு 133 ஆட்டங்கள், 46 ட்ரை, 83 முறை தலைமை. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாரிஸிலே, இருபத்தோரு வயசுப் பையன், பிரான்சுக்கு எதிரா மூணு ட்ரை போட்டார். 27-க்கு 25 என்று அயர்லாந்து ஜெயித்தது. பாரிஸிலே அவங்க ஜெயித்து இருபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. இதெல்லாம் உண்மை. அவர் வெறும் ஓட்டக்காரர் மட்டுமில்லே, தடுப்பிலும் கீழே விழுந்து பந்தைப் பறிப்பதிலும் சிங்கம் என்பதையும் நானே சொல்லிடறேன். நீங்க விட்டுட்டீங்க அம்மா. (சிரிப்பு)

ஆனா நடுவர் அவர்களே, தலைப்பைக் கொஞ்சம் பாருங்க. அயர்லாந்து நாட்டின் அணியைப் பற்றியா பேசுகிறோம்? லென்ஸ்டர் அணியைப் பற்றி! லென்ஸ்டருக்காக ஓ'டிரிஸ்கால் ஆடியது 186 ஆட்டம். அவர் பக்கத்திலே பன்னிரண்டாம் எண்ணோடு நின்றாரே கோர்டன் டார்சி, அவர் ஆடியது 257! அவர் விடைபெற்ற 2015-லே அது அந்த அணியின் சாதனை. அம்மா வாயிலே அந்தப் பெயர் ஒருமுறையாவது வந்துச்சா? வரலே. அதுதான் என் வழக்கே! (கைதட்டல்)

யார் இந்த டார்சி? வெக்ஸ்ஃபோர்ட் பக்கத்துப் பையன். 1998-லே பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னாலேயே நாட்டு அணி கூப்பிட்டது, தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு வா என்று. "பரீட்சை இருக்கு, வரலே" என்று சொன்னவர் அவர். நம்ம வீட்டுப் பையன் சொல்லுவானா? (சிரிப்பு) 1999 உலகக் கோப்பையிலே ருமேனியாவுக்கு எதிரா முதல் வாய்ப்பு கிடைச்சது. பத்தொன்பது வயசு. அப்புறம்? அப்புறம் கதவு மூடிக்கிச்சு. ஒருநாள் ஓரத்திலே ஆடுவார், ஒருநாள் கடைசியிலே ஆடுவார். எந்த இடம் தன் இடம் என்றே தெரியாத நாட்கள். 2003 உலகக் கோப்பைக்குப் போன அணியிலே அவர் பெயர் இல்லை. நண்பர்கள் எல்லாம் ஆஸ்திரேலியாவிலே, இவர் ஊரிலே.

ஆள் குறைந்த அந்த நேரத்திலே, லென்ஸ்டர் பயிற்சியாளராக இருந்த கேரி எல்லா, "தம்பி, நீ நடுவிலே நின்று பார்" என்றார். அவ்வளவுதான். சில மாதங்களிலே, 2004 ஆறு நாடுகள் போட்டி. ஓ'டிரிஸ்காலுக்குக் காயம், முதல் ஆட்டத்துக்கு வரமுடியலே. பாரிஸிலே அந்தப் பதின்மூன்றாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினவர் டார்சி. அடுத்த ஆட்டத்திலே ஓ'டிரிஸ்கால் திரும்பி வந்தார். டார்சி என்ன செய்தார்? "இது என் இடம்" என்று சண்டை போட்டாரா? பதின்மூன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டை வாங்கிக்கொண்டார். அந்த ஆண்டு அயர்லாந்து, உலகக் கோப்பையை அப்போதுதான் வென்றிருந்த இங்கிலாந்தை அதன் சொந்த மைதானத்திலே 19-க்கு 13 என்று சாய்த்தது. 1985-க்குப் பிறகு முதல்முறையா 'ட்ரிபிள் கிரௌன்' கிடைத்தது. அந்தப் போட்டித் தொடர் முழுவதற்கும் சிறந்த ஆட்டக்காரர் என்று யாரைத் தேர்ந்தெடுத்தாங்க? டார்சியை! சட்டையைக் கொடுத்தவனுக்குக் கிரீடம் கிடைச்சுது ஐயா! (பலத்த கைதட்டல்)

அப்புறம் ஒரு சோதனை. 2008 பிப்ரவரி, இத்தாலிக்கு எதிரான ஆட்டம். கை முறிந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். ஏறக்குறைய ஒரு வருஷம் போச்சு. கட்டிப்பிடித்துச் சாய்ப்பதே தொழிலாக இருக்கிறவனுக்குக் கை போனா என்ன மிச்சம்? நாதஸ்வர வித்வானுக்கு மூச்சு போன மாதிரி. ஆனா 2009 பிப்ரவரியிலே, பிரான்சுக்கு எதிரா, மாற்று ஆட்டக்காரரா உள்ளே வந்து, ட்ரை போட்டார் மனிதர். எங்கே? டப்ளின் குரோக் பார்க்கிலே.

குரோக் பார்க் சாதாரண மைதானம் இல்லீங்க. 1920-லே ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் ஆட்சியின் படைகள் உள்ளே புகுந்து சுட்டதிலே 14 பேர் செத்த மண். நமக்கு ஜாலியன்வாலாபாக் எப்படியோ, அவங்களுக்கு அது அப்படி. அந்த மண் அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளுக்கு உரிய மண். ரக்பி ஆடக் கூடாது என்று விதி வைத்திருந்தாங்க. 2005-லே அந்த விதியைத் தளர்த்தி, 2007-லேதான் ரக்பியை உள்ளே விட்டாங்க.

அந்த மைதானத்திலே, 2009 மே 2-ஆம் தேதி, ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. லென்ஸ்டரும் மன்ஸ்டரும். பங்காளிச் சண்டை! மன்ஸ்டர் அப்போ நடப்புச் சாம்பியன். லென்ஸ்டர்காரங்களை, "பட்டணத்துப் பசங்க, சொகுசு, அடி தாங்க மாட்டாங்க" என்று ஊரே கேலி பேசின காலம். 82,208 பேர் வந்து உட்கார்ந்திருந்தாங்க. அந்த நாள் வரைக்கும் உலகத்திலே எந்த மாகாண, கிளப் ரக்பி ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

எதிரணித் தம்பி சொன்னார், ரோனன் ஓ'காரா வீசிய பந்தை நடுவிலே புகுந்து பறித்துக்கொண்டு ஓ'டிரிஸ்கால் ஓடினாரே, அதுதான் சரித்திரம் என்று. சரி தம்பி. அது எத்தனையாவது ட்ரை? மூன்றாவது! முதல் ட்ரை யார் போட்டது? சொல்ல மாட்டீங்க. டார்சி! கூட்டத்தின் வாயை முதல்லே அடைத்தவர் பன்னிரண்டாம் எண். 25-க்கு 6 என்று லென்ஸ்டர் ஜெயித்தது. அதே மாதம் எடின்பரோவிலே லெஸ்டரை 19-16 என்று வென்று முதல் கோப்பை. 2011-லே கார்டிஃபிலே, பாதி ஆட்டத்திலே 6-22 என்று பின்தங்கி, 33-22 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பை. 2012-லே அல்ஸ்டரை 42-14 என்று வென்று மூன்றாவது. மூன்று கோப்பைக்கும் நடுவிலே நின்றது ஒரே ஜோடி. அயர்லாந்துக்காகவும் அந்த இருவரும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோளோடு தோள் நின்றாங்க.

டார்சியோடு பன்னிரண்டின் கதை முடியலே. அத்லோன் ஊர்க்காரர் ராபி ஹென்ஷா, 2016-லே கொனாட்டோடு கோப்பை ஜெயித்துவிட்டு லென்ஸ்டருக்கு வந்தார். 2018-லே பில்பாவோ நகரத்திலே ரேசிங் அணியை 15-12 என்று லென்ஸ்டர் வென்று நான்காவது கோப்பையை எடுத்தப்போ பன்னிரண்டு அவர்தான். பக்கத்திலே பதின்மூன்று, கேரி ரிங்ரோஸ்.

ரிங்ரோஸைப் பற்றி எதிரணிக்குச் சாதகமா நானே ஒன்று சொல்றேன். 2025 ஜூலை. லயன்ஸ் அணியின் ஆஸ்திரேலியப் பயணம். இரண்டாவது டெஸ்டிலே ஆடும் வாய்ப்பு கைக்கெட்டிய தூரத்திலே. ஒரு ஆட்டக்காரன் வாழ்நாளெல்லாம் காத்திருக்கிற வாய்ப்பு. தலையிலே அடிபட்டதன் அறிகுறி தெரியுது என்று தானே போய்ச் சொல்லி விலகிக்கொண்டார். மறைத்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அணி 29-26 என்று ஜெயித்துத் தொடரையே வென்றது. அவர் ஆடலே. அன்றைக்கு அந்தப் பதின்மூன்று செய்தது, என் கணக்கிலே, பன்னிரண்டின் வேலை! அணிக்காகத் தன்னைக் கழித்துக்கொள்கிற வேலை. (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிச்சிட்டார். ஒரே ஒரு நிமிஷம் கொடுங்க ஐயா.

காட்டிலே பதினான்கு வருஷம் தூங்காமல் காவல் காத்தவன் இலக்குவன். காவியத்துக்கு யார் பெயர் வைத்தாங்க? தமிழ் வாத்தியாரா நான் இதை ஆயிரம் தடவை வகுப்பிலே சொல்லியிருக்கேன். சொன்ன நானே ஒரு தப்புப் பண்ணியிருக்கேன்.

எங்க ஊர் ஆலங்குளம் பக்கம். எனக்கு ஒரு அக்கா. அப்பா போனதுக்கப்புறம் எட்டாம் வகுப்போட அக்கா படிப்பு நின்னுது. மடியிலே தட்டை வச்சுக்கிட்டு பீடி சுத்த உட்கார்ந்தா. இலையை வெட்டி, தூளை வச்சு, சுருட்டி, நூலைக் கட்டி, ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. அந்தக் காசுலேதான் என் கல்லூரிச் சம்பளம். எனக்கு முனைவர் பட்டம் கிடைச்சப்போ ஊர்ல பாராட்டு விழா வச்சாங்க. மேடையிலே நெறியாளருக்கு நன்றி சொன்னேன், பேராசிரியர்களுக்குச் சொன்னேன், நூலகத்துக்குக்கூடச் சொன்னேன். கடைசி வரிசையிலே அக்கா உட்கார்ந்திருந்தா. அவ பேரைச் சொல்லலே. மறக்கலே ஐயா. பீடி சுத்தறான்னு சபையிலே சொல்லக் கூச்சப்பட்டேன். அக்கா ஒரு வார்த்தை கேட்கலே. "நல்லா பேசினே தம்பி"ன்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிப் போயிட்டா.

டப்ளின்ல அந்தப் பழைய ஆட்டங்களைப் பார்த்தப்போ, ட்ரை போட்டவனைச் சுத்தி எல்லாரும் குதிக்கிறாங்க. மருமகன் படத்தை நிறுத்திக் காட்டினார்: "மாமா, கீழே பாருங்க." இருபது அடி பின்னாலே, இரண்டு பேருக்கு அடியிலே இருந்து டார்சி எழுந்திரிச்சுக்கிட்டிருந்தார். எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாப் போச்சு.

பதின்மூன்று பெரியவர்தான். ஆனா சந்து திறந்தவன் யாருன்னு தீர்ப்பு எழுதும்போது ஒரு வரியாவது எழுதுங்க, நடுவர் அவர்களே. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு இந்தச் சபையிலே சொல்லிக்கிறேன். என் அக்கா பேர் செல்லம்மாள். இந்த நிகழ்ச்சியை வீட்டிலே பார்த்துக்கிட்டிருப்பா.

 (நீண்ட கைதட்டல்)