சூனேமியாளின் நிலம்

வேதாகமத்தில் வீடு திரும்பியோரின் வரலாறுகள் பல உண்டு. அவற்றுள் நாம் அதிகம் பிரசங்கியாத ஒன்று, 2 இராஜாக்கள் 8ஆம் அதிகாரத்தில் வரும் சூனேமியாளின் வரலாறு. பஞ்சத்தினிமித்தம் ஏழு ஆண்டுகள் பெலிஸ்தர் தேசத்தில் தங்கிய அவள் ஊர் மீண்டபோது, வீடும் வயலும் அவள் வசத்தில் இல்லை. அவள் ராஜாவிடம் முறையிட்டாள். ராஜா ஒரு பிரதானியை நியமித்து, நிலத்தை மட்டுமன்றி, அவள் சென்ற நாள் முதல் அவ்வயல் தந்த வருமானம் அனைத்தையும் அவளுக்குக் கிடைக்கச் செய்தான். ஊர் திரும்புதல் வேறு, உரிமை திரும்புதல் வேறு என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

காரைக்கால் பகுதியின் வட எல்லையில், தரங்கம்பாடிக்கு அண்மையிலுள்ள பூவத்தில் நின்று இதனைச் சிந்திப்பது பொருத்தமே. 2004 டிசம்பர் 26 அன்று இக்கரையைச் சுனாமி தாக்கியது. அலை சில மணி நேரத்தில் வடிந்தது. மக்கள் மீண்டும் குடியமர ஆண்டுகள் ஆயின. எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில் 2005 மார்ச்சில் பிறந்த அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் புது வீடு பெற வேண்டுமாயின் பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. படகையும் வலையையும் கண்ணெதிரே வைத்து வாழும் மீனவருக்கு மனையை விடுவது தொழிலையே தள்ளி வைப்பதாகும்.

இதே கடலின் மறுகரையில், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், துன்பம் இன்னும் நீண்டது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது காங்கேசன்துறை, மயிலிட்டி, தெல்லிப்பழை ஆகிய ஊர்களின் மக்கள் வெளியேறினர். அவ்விடங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. 2009 மே மாதத்தில் போர் முடிந்தும் வேலி அகலவில்லை. 2013இல் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அரசு அறிவித்தபோது, ஈராயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர் நீதிமன்றத்தை நாடினர். மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளுக்குப் பின், 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. திரும்பியோர் கண்டவை இடிந்த வீடுகளும், தூர்ந்த கிணறுகளும், அடையாளம் அழிந்த எல்லைகளுமே. இழந்த அத்தனை ஆண்டு விளைச்சலைப் பற்றிப் பேசுவாரும் அரியர்.

இங்கே நாம் நிறுத்திவிட்டால் நமது சாட்சி பாதியாகும். அதே 1990 அக்டோபரில், வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. நம் மொழியையே பேசிய அயலார் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் நிலத்தையும் நகையையும் இழந்து, பெரும்பாலும் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். 2002இல் அவ்வியக்கமே அதற்கு வருத்தம் தெரிவித்தது. ஆயினும் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, உதவியில் முதலிடம் பெற்றவர்கள் 2008க்குப் பின் இடம்பெயர்ந்தோரே. இவர்கள் 'பழைய' அகதிகளாய்ப் பின்தள்ளப்பட்டனர். ஒரு குடும்பம் மூன்றாய்ப் பெருகியிருந்தது, நிலமோ பெருகவில்லை. பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவருக்குக் காணி உரியதாகும் என்னும் சட்டமும் குறுக்கே நின்றது. அதிலிருந்து விலக்களிக்கும் தனிச் சட்டம் 2016இல்தான் வந்தது. அப்போதும், உறுதிப் பத்திரத்தை இழந்தவர் எதைக் காட்டி வழக்காடுவார்?

சூனேமியாள் முறையிட வந்த வேளையில், இவளே அந்த ஸ்திரீ என்று ராஜாவுக்கு அடையாளம் காட்டியவன் கேயாசி. பொருளாசையால் தவறி, குஷ்டத்தைத் தண்டனையாகப் பெற்றவன் அவன். ஆயினும் அவன் சொன்ன உண்மை ஒரு விதவைத் தாயின் வீட்டை மீட்க உதவிற்று என எண்ணுவார் பலர். அவள் விதவை என்று வேதம் கூறாவிடினும், அவளே முறையிட்டாள் என்பது தெளிவு. திருச்சபையும் குற்றமற்றதன்று. எனினும் யார் எந்த மண்ணில் வாழ்ந்தார் என்று சொல்ல அதற்கு நினைவு உண்டு. ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளும் உண்டு. அவற்றைப் பேணுவதும், நம்மவருக்காகக் கேட்கும் நியாயத்தை அயலாருக்காகவும் கேட்பதும் நமது ஊழியத்தின் பகுதியே.