கை நீட்டுகிறவரிடம் விசாரணை எதற்கு?

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது நம்மூர்ப் பழமொழி. பைபிளில் இதற்கு நேர் எதிரான கட்டளை ஒன்று இருக்கிறது. கேட்கிறவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதாக மத்தேயு (5:42) எழுதுகிறார். லூக்கா (6:30) அதே கட்டளையில் 'எல்லாருக்கும்' என்ற சொல்லையும் சேர்த்து வைக்கிறார். விதிவிலக்கு எதுவும் கிடையாது. குடிகாரன், சோம்பேறி, ஏமாற்றுக்காரன் என்று யாரையும் வரிசையிலிருந்து தள்ளவில்லை.

அதே பைபிளில், 2 தெசலோனிக்கேயர் 3:10-ல், வேலை செய்ய மனமில்லாதவனுக்குச் சாப்பாடும் கிடையாது என்ற விதியும் இருக்கிறது. ஆக, சிக்னலில் கார் கண்ணாடியைத் தட்டுகிறவருக்குக் காசு கொடுக்கலாமா என்று ஒரு கிறிஸ்தவர் யோசித்தால், கொடுப்பதற்கும் வசனம் உண்டு, கொடுக்காமல் இருப்பதற்கும் வசனம் உண்டு. அன்றைய மனநிலைக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளலாம்!

இது நேற்று முளைத்த குழப்பம் இல்லை. சுமார் 1500 வருஷம் பிஷப்புகளும் சட்ட அறிஞர்களும் மன்னர்களும் இதில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தச் சண்டைகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கொடுக்கணும் என்பதில் அவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கேட்கிறவர் நிஜமாகவே ஏழையா என்று விசாரிக்கிற வேலை யாருடையது, அதை எப்போது செய்வது? சண்டை முழுக்க அதில்தான்.

கையில் வியர்க்கும் காசு

1873-ல் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு மடத்து நூலகத்தில் பிலோதியோஸ் பிரையென்னியோஸ் என்ற கிரேக்க மதகுரு பழைய தோல் சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். 1056-ல் எழுதி முடிக்கப்பட்ட பிரதி அது. அதற்குள் 'திதாகே' இருந்தது. பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் போதனை என்று பொருள்படும் தலைப்பு. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ உருவான கையேடு என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. 1883-ல் அச்சில் வந்ததும் அறிஞர் உலகம் பரபரப்பானது.

அதன் முதல் அத்தியாயத்திலேயே நம் கேள்வி வந்துவிடுகிறது. கேட்கிற எல்லாருக்கும் கொடு, திருப்பிக் கேட்காதே என்கிறது. கூடவே, தேவை இல்லாமல் வாங்குகிறவன் அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும், கடைசிக் காசைத் திருப்பிக் கட்டும்வரை அவனுக்கு விடுதலை இல்லை என்று எச்சரிக்கிறது. கவனிச்சீங்களா? விசாரணை இருக்கிறது, ஆனால் அது கொடுக்கிறவரின் வேலை இல்லை. அது கடவுளின் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. கொடுத்தவர் குற்றமற்றவர், பொய் சொல்லி வாங்கினவன்தான் மாட்டுவான்.

இதோடு முடிந்திருந்தால் எளிது. ஆனால் அடுத்த வாக்கியமே, யாருக்குக் கொடுக்கிறாய் என்று தெரிகிறவரை தர்மக்காசு உன் கையிலேயே வியர்த்துக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு பழைய வாக்கை எடுத்துப்போடுகிறது. எல்லாருக்கும் கொடு என்பதும், ஆள் தெரிகிறவரை கையை மூடிக்கொள் என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன. தொகுத்தவர் இரண்டையும் சமாதானப்படுத்த முயலவே இல்லை.

பின்னால் வருகிற அத்தியாயங்களில் நடைமுறை விதிகள் இருக்கின்றன. வழிப்போக்கர் வந்தால் உதவு. இரண்டு நாள், தேவையானால் மூன்று நாள் தங்கட்டும். அதற்கு மேல் இங்கேயே இருக்கப்போகிறார் என்றால் வேலை செய்து சாப்பிடட்டும். ஊர் ஊராகப் போகிற போதகருக்கு அடுத்த ஊர்வரைக்குமான ரொட்டி கொடு. தனக்குக் காசு கேட்டாரென்றால் அவர் போலி. வேறு ஏழைகளுக்காகக் கேட்டாரென்றால் அவரை யாரும் குறை சொல்லாதீர்கள்.

இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதுகிறார்கள் என்றால் நிறைய பட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? வெளியாட்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டு நையாண்டி எழுத்தாளர் லூசியன், பெரெக்ரினுஸ் என்பவரைக் கிண்டல் செய்யும்போது, சாமர்த்தியமான எத்தன் ஒருவன் கிறிஸ்தவர்களிடையே போய்ச் சேர்ந்தால் சீக்கிரமே பணக்காரனாகிவிடலாம் என்று எழுதுகிறார். ஏமாளிகள் என்ற பெயர் அப்போதே வந்தாயிற்று.

பசிலும் பொன்வாயரும்

நான்காம் நூற்றாண்டில் நிலைமை வேறு. சபை பெரிய நிறுவனமாகிவிட்டது. 251 வாக்கிலேயே ரோம் சபை 1500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் பராமரித்ததாக அதன் பிஷப் கொர்னேலியுஸ் ஒரு கடிதத்தில் கணக்குச் சொல்கிறார். 362 வாக்கில், பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே என்று தன் பூசாரி ஒருவருக்குப் புலம்பி எழுதினார். எதிரியே கொடுத்த நற்சான்றிதழ்!

பணம் பெருகினால் அதைப் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும். கப்படோக்கியாவின் செசரியாவில் பஞ்சக் காலத்தில் மக்களுக்கு உணவு திரட்டியவர், நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பெரிய இல்லம் கட்டியவர் பசில். அவர் சொன்னதாக ஒரு கடிதத்தில் (எண் 150) வருகிற கருத்து கடுமையானது. உண்மையாகத் துன்பப்படுகிறவருக்குக் கொடுப்பது கடவுளுக்குக் கொடுப்பது, அலைகிற எல்லாருக்கும் கொடுப்பது நாய்க்கு எறிவதுபோல. இரண்டையும் பிரித்தறிய அனுபவம் வேண்டும், அதனால் காசை அந்த அனுபவம் உள்ளவரிடம் ஒப்படைத்துவிடு என்கிறார். இரக்கம் இல்லாதவர் பேச்சு இல்லை இது. தினமும் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்த நிர்வாகியின் பேச்சு. மிலானில் அம்புரோசும் கிட்டத்தட்ட இதையே சொன்னார். திடகாத்திரமானவர்கள் கதை கட்டி, ஏழைகளின் பங்கைக் காலி செய்துவிடுகிறார்கள் என்பது அவர் குறை.

மறுபக்கம் யோவான் கிறிசோஸ்தோம். 'பொன்வாய்' என்று பட்டப்பெயர் வாங்கிய பிரசங்கி. அந்தியோக்கியாவில் 386-லிருந்து சுமார் பன்னிரண்டு வருஷம் பிரசங்கித்தார். தர்மம் செய்கிறவர் துறைமுகம் மாதிரி, உடைந்து வருகிற கப்பல் நல்லவனுடையதா கெட்டவனுடையதா என்று துறைமுகம் கேட்பதில்லை என்பது அவர் வாதம். ஆபிரகாம் வழிப்போக்கர்களிடம் ஊர் பெயர் விசாரித்திருந்தால் தேவதூதர்களுக்கு விருந்து வைத்திருக்க முடியுமா என்பது அவர் கேள்வி.

எனக்கு மறக்கவே முடியாத பகுதி, கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தைப் பற்றிய அவருடைய 21-வது பிரசங்கம். நகரத்துப் பிச்சைக்காரர்கள் செய்யும் வித்தைகளைப் பட்டியல் போடுகிறார். தேய்ந்த செருப்புத் தோலை மென்று காட்டுகிறார்கள். தலையில் ஆணி அடித்துக்கொள்கிறார்கள். உறையும் தண்ணீரில் வெற்று வயிற்றோடு கிடக்கிறார்கள். பெற்ற பிள்ளையின் கண்ணைக் குருடாக்கியவர்கள்கூட உண்டு என்கிறார். இதையெல்லாம் சொன்னபின், பாருங்கள் எவ்வளவு ஏமாற்று என்று அவர் முடிப்பதில்லை. இந்த வேஷத்தைப் போட வைத்தது யார் என்று சபையைப் பார்த்துத் திருப்பிக் கேட்கிறார். சும்மா பசிக்கிறது என்று சொன்னபோது நீங்கள் கொடுக்கவில்லை, வேடிக்கை காட்டினால் கொடுக்கிறீர்கள், அதனால் அவர்கள் வேடிக்கை காட்டுகிறார்கள். பொய்யை உண்டாக்கியது நம் கஞ்சத்தனம்தான் என்பது குற்றச்சாட்டு.

ஆனால் இவர் கணக்கே பார்க்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மத்தேயு நற்செய்தி பற்றிய 66-வது பிரசங்கத்தில், அந்தியோக்கியா சபைப் பட்டியலில் 3000 விதவைகளும் கன்னிப்பெண்களும் இருப்பதாக எண்ணிக்கையோடு பேசுகிறார். தொடர்ந்து கொடுக்கிற உதவிக்குப் பதிவேடு வைத்துக்கொள்வதில் அவருக்குச் சிக்கல் இல்லை. ஒரு ரொட்டி கேட்டு வாசலில் நிற்கிறவரின் பூர்வீகத்தைத் தோண்டுவதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

சட்டமானபோது

1140 வாக்கில் கிராத்தியன் என்பவர் திருச்சபைச் சட்டங்களைப் பெரும் தொகுப்பாக்கினார். அதில் விசாரிக்காதே என்ற கிறிசோஸ்தோமும் இருக்கிறார், ஆளைப் பார்த்துக் கொடு என்ற அம்புரோசும் இருக்கிறார். திதாகேயில் பார்த்த அதே முரண், இப்போது சட்டப் புத்தகத்தில். உரையாசிரியர்கள் விடுவார்களா? 1150-களில் எழுதிய ரூஃபினுஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாருக்கும் கொடுக்கக் கையிருப்பு போதாதபோதுதான் யார் முதலில் என்ற கேள்வியே வரும். உடல் வலு இருந்தும் உழைக்காமல் பிச்சையையோ திருட்டையோ தேர்ந்தெடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டாம், கண்டித்துத் திருத்தலாம். ஆனால் பசியால் சாகும் நிலையில் இருந்தால் அவனுக்கும் கொடுத்தே ஆக வேண்டும்.

பிளேக் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஆள் பஞ்சம், கூலி ஏற்றம். 1349-ல் இங்கிலாந்து மன்னரின் உத்தரவு, உழைக்கத் தெம்புள்ள பிச்சைக்காரருக்கு இரக்கத்தின் பெயரால் எதையும் கொடுத்தால் சிறை என்றது. 1536 சட்டம் தெருவில் தனியாகக் காசு கொடுக்கிறவருக்கு, கொடுத்ததைப்போலப் பத்து மடங்கு அபராதம் வைத்தது. திதாகேயில் கொடுத்தவர் குற்றமற்றவர், வாங்கினவன்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கே கொடுத்தவரே குற்றவாளி. விசாரணை கடவுளிடமிருந்து அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல முடியாது. 1526-ல் ப்ரூஜ் நகரத்துக்காக ஏழைகள் நிவாரணத் திட்டம் எழுதிய ஹுவான் லூயிஸ் விவெஸ், ஏழைகளின் பெயர்களைக் கணக்கெடுத்து, வேலை கற்றுக்கொடுத்து, நோயாளிகளைத் தனியாகப் பராமரிக்கச் சொன்னார். மார்ட்டின் லூதர் 1528-ல் நாடோடிப் பிச்சைக்காரர்களின் தந்திரங்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு முன்னுரை எழுதி, தானும் அவர்களிடம் நிறைய ஏமாந்ததாக ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு ஊரும் தன் ஏழைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் தீர்வு.

1545, சலமான்கா

இந்த 1500 வருஷச் சண்டையின் உச்சகட்டம் என்று நான் நினைப்பது ஸ்பெயினில் நடந்தது. 1540-ல் வந்த உத்தரவுப்படி பிச்சை எடுக்கப் பரிசோதனை, லைசென்ஸ், சொந்த ஊருக்குள் மட்டும் அனுமதி. லைசென்ஸ் வாங்கப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கவும் வேண்டும். சமோரா, சலமான்கா, வயாதோலித் நகரங்கள் இதை நடைமுறைப்படுத்தின. 1545 ஜனவரியில் டொமினிக்கன் துறவி தொமிங்கோ தே சோத்தோ இதை எதிர்த்து நூல் வெளியிட்டார். இரண்டே மாதத்தில் அதே சலமான்காவிலிருந்து பெனடிக்டைன் மடத்தலைவர் ஹுவான் தே ரோப்லெஸ் ஆதரித்து நூல் வெளியிட்டார். இருவரும் இளவரசர் பிலிப்புக்கே சமர்ப்பித்தார்கள்.

ரோப்லெஸ் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு மனுஷனைத் தெருவில் கத்தவிட்டுச் சில்லறை போடுவதா இரக்கம்? சத்தமாகக் கேட்பவன் வாங்கிக்கொண்டு போவான், படுத்த படுக்கையாக வீட்டுக்குள் கிடக்கிறவனை யார் பார்ப்பது? ஒழுங்காகப் பட்டியல் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அன்பு என்கிறார்.

சோத்தோவின் பதில் வேறு கோணத்தில் வருகிறது. குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவனை ஊரைவிட்டுத் துரத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. வறண்ட மலைப்பகுதியில் பிறந்தவன் வளமான ஊருக்கு வராமல் வேறு எங்கே போவான்? பிச்சை எடுக்காதே என்று தடுத்தால், அவனுடைய எல்லாத் தேவைக்கும் நீ பொறுப்பேற்க வேண்டும். அது முடியாதென்றால் அவன் வாயை அடைக்காதே. வயிற்றுக்குக் கேட்கிறவனின் ஒழுக்கத்தைச் சோதிக்காதே. ஏழைகளிடம் காட்டுகிற இந்தத் துருவித் துருவி விசாரிக்கும் ஆர்வத்தைப் பணக்காரர்களிடம் காட்டினால், அங்கே எவ்வளவு மோசடி கிடைக்கும்? இதுதான் அவர் கேள்விகளிலேயே கூரானது.

இருபது வருஷம் கழித்து, 1565-ல், மன்னராகிவிட்ட பிலிப் சமரசமாக, உள்ளூரில் லைசென்ஸோடு பிச்சை எடுக்க மறுபடி அனுமதித்தார். யாருக்கும் முழு வெற்றி இல்லை.

என் கணக்கு

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், கொடு என்ற வசனத்தையும் விசாரி என்ற புத்தியையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வைத்தால்தான் மோதல் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உருப்படியாக யோசித்தவர்கள் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். திதாகே பிரித்தது நாட்களை வைத்து. கிறிசோஸ்தோம் பிரித்தது வாசலையும் பதிவேட்டையும் வைத்து. ரூஃபினுஸ் பிரித்தது பசியின் அளவை வைத்து. மூவருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. முதல் ரொட்டிக்கு விசாரணை கிடையாது. மாதாமாதம் கொடுப்பதற்கு விசாரணை உண்டு, அதைச் செய்ய நேரமும் பொறுப்பும் உள்ள ஆள் தனியாக வேண்டும்.

நம்மில் பலர் செய்வது என்ன தெரியுமா? விசாரிக்கிற வேலையை ஏற்பதில்லை, விசாரிக்க முடியாததைக் காரணம் காட்டிக் கொடுப்பதையும் நிறுத்திவிடுகிறோம். "யாரு என்னன்னு தெரியாதே" என்று சொல்லிவிட்டு வண்டியை நகர்த்துகிறோம். பசிலின் எச்சரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, பசில் கட்டிய இல்லத்தை விட்டுவிடுகிறோம். தெருவில் கொடுக்க மாட்டேன் என்கிறவர் வேறு எங்கே கொடுக்கிறார் என்பதுதான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஒழுங்கான இடத்தில் கொடுக்கிறார் என்றால் அவர் ரோப்லெஸின் ஆள், மதிக்கலாம். எங்குமே இல்லை என்றால் அந்தக் காசு இன்னும் கையில் வியர்த்துக்கொண்டேதான் இருக்கிறது.