உடைஞ்சுதா, உடைச்சியா?

மத்திய அரசு அலுவலகங்களிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களைப் பார்த்திருப்பீர்கள். 'ஐ ஆம் டைரக்டட் டு சே' என்று ஆரம்பிக்கும். 'சொல்லும்படி பணிக்கப்பட்டிருக்கிறேன்' என்று அர்த்தம். பணித்தது யார்? பெரும்பாலும் அது கடிதத்தில் இருக்காது. கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் ஓர் அண்டர் செக்ரட்டரி. சொல்லச் சொன்னார்கள், சொல்கிறார். அவ்வளவுதான்.

இந்த நடை கம்பெனி காலத்து வாசனை உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியில் கடைசிப் படியில் இருந்த உத்தியோகத்துக்குப் பெயரே 'ரைட்டர்'. அவர்களுக்காகக் கல்கத்தாவில் 1777-ல் கட்ட ஆரம்பித்த ரைட்டர்ஸ் பில்டிங்தான் 2013 வரை மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலகம். லண்டனில் டைரக்டர்கள், இங்கே கவர்னர் ஜெனரல், நடுவில் எழுதிக்கொண்டே இருந்த ஒரு கூட்டம். 1837-ல் கோர்ட்டுகளிலிருந்து பாரசீகம் விலக்கப்பட்டது (இந்த 'பட்டது'வையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் :-)). 1844-ல் ஹார்டிஞ்ச், ஆங்கிலம் படித்தவர்களுக்குத்தான் அரசு வேலையில் முன்னுரிமை என்றார். அதற்குப் பிறகு நம்மவர்களுக்கு ஆங்கிலம் என்பதே பாதிக்குமேல் ஆபீஸ் ஆங்கிலம்தான்.

சுதந்திரம் வந்த பிறகும் இது போகவில்லை. அரசியல் சட்டத்தின் 77-வது பிரிவுப்படி மத்திய அரசின் நிர்வாக ஆணைகள் எல்லாம் ஜனாதிபதி பெயரில்தான் போக வேண்டும். ஆக, முடிவெடுத்தவர் பெயர் ஆணையில் வர வேண்டிய அவசியமே இல்லை. இந்தியில் 'சூசித் கியா ஜாதா ஹை' என்று போடுவதும் இதே வார்ப்புதான்.

தமிழ்நாட்டில் 1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. ஃபைல்கள் மெல்லத் தமிழுக்கு வந்தன, வாக்கியம் மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. 'இதனால் அறிவிக்கப்படுகிறது', 'பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்'. செயப்பாட்டு வினை தமிழுக்குப் புதிதல்ல, பழைய இலக்கணத்திலேயே உண்டு. ஆனால் 'சாப்பிட வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறாய்' என்று எந்த அம்மாவாவது கூப்பிடுவாரா?

ஆளை மறைக்கப் பேச்சுத் தமிழுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். 'முடிவு பண்ணியாச்சு' என்பதில் யார் பண்ணினார்கள் என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு 'டம்ளர் உடைஞ்சிடுச்சு' என்று வந்து நிற்கிற பையனுக்கும் இந்த வித்தை தெரியும். ஆனால் அம்மா விடமாட்டார். 'உடைஞ்சுதா, உடைச்சியா?' ஒரே ஓர் எழுத்தில் ஆளைப் பிடித்துவிடுகிற மொழி இது. 'உடைக்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க வழியே இல்லை. யாரோ உடைத்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறது, யாரென்றுதான் சொல்வதில்லை.

இதெல்லாம் வெறும் இலக்கணச் சண்டை இல்லை. ரேஷன் கார்டு, பென்ஷன், நிலம் என்று எதற்காவது 'தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு தாள் வந்தால், யாரிடம் போய் நிற்பது?

2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததும் மக்கள் கடிதத்தை விட்டுவிட்டு ஃபைல் நோட்டிங்ஸைக் கேட்க ஆரம்பித்தார்கள். 2006-ல் அந்தக் குறிப்புகளைப் பெருமளவு மறைக்க ஒரு திருத்தம் கொண்டுவர மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு அதைக் கைவிட்டது. கடிதத்தில் 'முடிவு செய்யப்பட்டுள்ளது' என்று ஒரு வரியில் முடிந்துபோகிற விஷயம், அந்த நோட்டிங்ஸில் யார் எழுதினார், யார் ஆட்சேபித்தார், கடைசியில் யார் சரி என்றார் என்று கையெழுத்தோடும் தேதியோடும் இருக்கும்.