சார்ஸ் காலத்துச் சிங்கப்பூரில் பள்ளிகளும் பெற்றோரும்

சிங்கப்பூர் என்னும் பெயர் நம் மஹல்லாக்களுக்குப் புதியதன்று. கடையநல்லூர், தென்காசி முதலான ஊர்களிலிருந்தும் கடலோர ஊர்கள் பலவற்றிலிருந்தும் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே சென்று வாழ்ந்து வருகின்றனர். தமிழ் அந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. 2003ஆம் ஆண்டு மார்ச்சில், அதாவது ஹிஜ்ரி 1424 முஹர்ரம் மாதத்தில், சார்ஸ் என்னும் சுவாசத் தொற்றுநோய் அந்நாட்டை அச்சத்தில் ஆழ்த்தியது. அப்போது பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எதை, எவ்வளவு, எப்படிச் சொல்வது என்பது அரசுக்குப் பெரும் கேள்வியாயிற்று. அவ்வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

பிப்ரவரி இறுதியில் ஹாங்காங் ஓட்டல் ஒன்றில் தங்கித் திரும்பிய பயணிகள் வழியாக நோய் சிங்கப்பூரை அடைந்தது. அங்கு மொத்தம் 238 பேர் நோயுற்றனர். 33 பேர் உயிரிழந்தனர். நோயுற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் மருத்துவர், தாதியர் முதலான மருத்துவப் பணியாளர்களே. ஆக, நோய் பெரிதும் பரவிய களம் மருத்துவமனை, வகுப்பறை அன்று.

ஆயினும் மார்ச் 26 அன்று, மறுநாள் முதல் ஏப்ரல் 6 வரை பள்ளிகள் மூடப்படும் என்று அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பின் வாசகம் கவனிக்கத்தக்கது. மருத்துவ நோக்கில் மட்டும் பார்த்தால் எல்லாப் பள்ளிகளையும் மூடுவதற்கு வலுவான காரணம் இல்லை என்று அரசே அதில் ஒப்புக்கொண்டது. பெற்றோர் கவலையுடன் இருப்பதாகத் தலைமையாசிரியர்களும் மருத்துவர்களும் தெரிவித்ததையே அது முதற்காரணமாகக் காட்டியது. பல லட்சம் பிள்ளைகளின் படிப்பு நின்றது நோயினால் என்பதைவிட அச்சத்தினால் என்பதே பொருந்தும்.

அச்சம் அறியாமையால் வந்தது என்று பெற்றோரைப் பழிப்பது எளிது. அது நீதியன்று. சீனத்தின் குவாங்டங் மாகாணத்தில் 2002 நவம்பரிலேயே தலைகாட்டிய இந்நோயைப் பற்றி உலகத்திற்கு முறையாகத் தெரிவிக்கப்பட்டது 2003 பிப்ரவரியில்தான். பெய்ஜிங் நகரில் நோயாளிகள் 37 பேரே என்று சொல்லிவந்த அதிகாரிகள், ஏப்ரல் 20 அன்று அத்தொகையை 339 என உயர்த்தினர். சுகாதார அமைச்சரும் நகர மேயரும் அன்றே பதவி இழந்தனர். நான்கு நாட்களில் அந்நகரப் பள்ளிகள் மூடப்பட, 17 லட்சம் மாணவர்கள் வீட்டிலிருந்தனர். ஹாங்காங்கிலோ வேறொரு விந்தை. ஏப்ரல் 1 அன்று, நகரம் முழுவதும் தொற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டதாக ஒரு பொய்ச்செய்தி பரவ, மக்கள் கடைகளை முற்றுகையிட்டனர். அதைப் புனைந்தவன் 14 வயதுச் சிறுவன். பள்ளிகள் மூடியிருந்த காலம் அது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்! அரசு பல லட்சம் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி மறுக்க வேண்டியதாயிற்று. இத்தகைய செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருக்கையில், எந்தத் தாய்தான் பிள்ளையை மனநிம்மதியுடன் பள்ளிக்கு அனுப்புவாள்?

சிங்கப்பூர் அரசு வேறு வழியில் சென்றது. நோயுற்றோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு நாளும் வெளியிடப்பட்டது. மே மாதத்தில் சார்ஸ் செய்திகளுக்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கிற்று. நகைச்சுவை நடிகர் ஒருவரைக் கொண்டு, கண்ட இடத்தில் துப்பாதீர் என்று அறிவுறுத்தும் துள்ளிசைப் பாடலும் வெளியிட்டனர். அதன் இசையைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்வதற்கில்லை. செய்தி பிள்ளைகளைச் சென்றடைந்தது என்பது மெய்.

ஏப்ரல் 9 முதல் பள்ளிகள் ஒரே நாளிலன்றி, மூத்த மாணவர்களில் தொடங்கிப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. நோய் பரவிய நாடுகளிலிருந்து திரும்பிய பிள்ளைகள் 10 நாட்கள் வீட்டில் இருக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. அந்நோய் வெளிப்பட எடுத்துக்கொள்ளும் கால எல்லை அதுவே. பின்னர் ஏப்ரல் 30 அன்று, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் அனைத்திலும் நாளுக்கு இருமுறை உடல்வெப்பம் அளக்கும் முறை கட்டாயமாயிற்று. மாணவர்களுக்குத் தெர்மாமீட்டர் வழங்கப்பட்டது. ஆசிரியர் முன்னிலையில் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அளந்து குறித்துக்கொள்ளும். காய்ச்சல் கண்ட பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்படும்.

இவ்வளவு ஏற்பாட்டினால் பள்ளிகளில் கண்டுபிடிக்கப்பட்ட சார்ஸ் நோயாளிகள் எத்தனை பேர்? ஒருவருமில்லை. இதைப் பின்னர் ஆய்விதழில் எழுதிய மருத்துவர்கள், சமூகத்தில் அச்சம் எல்லை மீறாமல் தடுத்ததே இம்முறையின் முக்கியப் பயன் என்று மதிப்பிட்டனர். நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக வந்தது, உங்கள் பிள்ளையும் அவன் அருகில் அமரும் பிள்ளையும் இன்று நலம் என்று வீட்டுக்குச் சொல்லும் கடிதமாக ஆயிற்று.

இது பெற்றோரை ஏமாற்றும் தந்திரமன்றோ எனச் சிலர் வினவக்கூடும். அடியேன் அவ்வாறு கருதவில்லை. மரண எண்ணிக்கையை மறைத்துவிட்டு வெப்பமானியை மட்டும் கையில் கொடுத்திருந்தால் அது ஏமாற்றே. இங்கோ கசப்பான செய்தியும் அதே கையால் கொடுக்கப்பட்டது. எனினும் குறை இல்லாமல் இல்லை. ஆபத்துக்குப் பெரிய காரணமில்லை என்று சொல்லிக்கொண்டே பள்ளியை மூடினால், கேட்பவர் இரண்டில் எதை நம்புவார்? மேலும், எல்லாத் தகவலும் தரப்பட்ட அந்நாட்டிலும் சீருடை அணிந்த தாதியரைக் கண்டு மக்கள் விலகியே சென்றனர். உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களுக்கு நேர்ந்த இந்த அவமதிப்பை எந்த அறிவிப்பும் முழுமையாகத் தடுக்கவில்லை.

2003 மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் நோய் பரவும் நாடுகளின் பட்டியலிலிருந்து சிங்கப்பூரை நீக்கியது. வெப்பமானிகள் தொலைந்துவிடவில்லை. 2009இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோதும், 2020இல் கொரோனா வந்தபோதும் பள்ளிகளில் அவை மீண்டும் வெளிவந்தன. ஆனால் கொரோனா, காய்ச்சல் தோன்றும் முன்னரே பரவக்கூடியது. சார்ஸுக்குப் பொருந்திய அளவுகோல் அதற்குப் பொருந்தவில்லை. 2020 ஏப்ரல் 8 முதல் பிள்ளைகள் அனைவரும் வீட்டிலிருந்தே பயின்றனர். பள்ளியின் அறிவிப்புகளும் பெற்றோரின் கைப்பேசிச் செயலி வழியே அவர்களை வந்தடைந்தன.