கடலில்லாத ஊரில் ஒரு கடற்கரை

போடிமெட்டுச் சரிவில் வாலிபால் ஆட, பந்துக்கு முன்னால் ஒரு பையன் வேண்டும். பள்ளத்தில் உருண்டதை எடுத்துவர. ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் முற்றத்தை விட்டால் சமதரை ஏது? கீழே போடிக்கு இறங்கினால் தாராளமாக வலை கட்டலாம். ஆனால் பீச் வாலிபால் என்றால், ‘கடலுக்கு எங்கே போவது?’ என்று சிரிப்பார்கள். அந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1996இல். அப்போதும் கடல் இல்லை. அட்லாண்டாவுக்குத் தெற்கே, ஜோன்ஸ்பரோ என்ற உள்நாட்டு ஊரில் மணல் கொட்டித்தான் ஆடினார்கள்.

அங்கே தங்கம் வென்ற கார்ச் கிராய்க்கு அது மூன்றாவது ஒலிம்பிக் தங்கம். அப்பா லாஸ்லோ, ஹங்கேரியில் 1956 புரட்சி நசுக்கப்பட்டபின் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். ஹங்கேரியிலேயே வாலிபால் பழகியவர். பதினோரு வயது மகனைக் கூட்டு சேர்த்துக்கொண்டு கலிபோர்னியக் கடற்கரையில் பெரியவர்களுக்கான போட்டியில் இறங்கினார். மணலில் அணிக்கு இரண்டே பேர். வருகிற பந்தை எடுப்பது, தூக்கிக் கொடுப்பது, அடிப்பது என எதிலிருந்தும் நழுவ முடியாது.

இந்தப் பழக்கம் உள்ளரங்கில் கைகொடுத்தது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் டக் பீல், எதிரணியின் சர்வீஸை எடுக்கும் பொறுப்பைப் பலருக்குப் பங்கிடாமல் கிராய், ஆல்டிஸ் பெர்சின்ஸ் இருவரிடமே விட்டார். அணிக்குத் தங்கம். 1988 சியோலிலும் தங்கம்.

அட்லாண்டாவில் அவருக்கு வயது 35. இறுதி ஆட்டத்தைவிட, அதற்கு முன்பு சின்ஜின் ஸ்மித்துடன் மோதியதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கல்லூரி அணியில் தோளோடு தோள் நின்ற பழைய கூட்டாளி ஸ்மித், வயது 39. கிராய், கென்ட் ஸ்டெஃப்ஸ் ஜோடி 17-15 என்று தப்பித்தது. இறுதி ஆட்டம் 12-5, 12-8 என்று சுலபமாக முடிந்தது.

நட்சத்திரங்கள் பயிற்சியாளரானால் பெரும்பாலும் சறுக்குவார்கள். தனக்கு வருவது மற்றவனுக்கு ஏன் வரவில்லை என்று எரிச்சல்படுவார்கள். மூன்று தங்கம் வைத்திருந்த கிராயோ, 2009இல் அமெரிக்கப் பெண்கள் அணியில் ஹ்யூ மெக்கட்சனுக்குத் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 2012 லண்டனில் வெள்ளி; அதன்பின்தான் தலைமைப் பொறுப்பு. 2014இல் உலக சாம்பியன்ஷிப், ரியோவில் வெண்கலம். கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரேசிலை 3-0 என வென்று, அமெரிக்கப் பெண்களுக்கு முதல் உள்ளரங்க வாலிபால் தங்கம். ஆடியும் ஆட்டுவித்தும் தங்கம் கண்ட சீனாவின் லாங் பிங்கின் வரிசையில் அவரும் சேர்ந்தார்.

தமிழ்நாட்டில் இந்த இரட்டைப் பயணத்துக்கு ஜி.இ. ஸ்ரீதரன் இருக்கிறார். ஆட்டத்துக்காக 1982இல் அர்ஜுனா விருது, பயிற்சிக்காக 2007இல் துரோணாச்சாரியா விருது. அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)