கூடத்துக்கு வந்த பெட்டி: சவூதித் தொலைக்காட்சி பிறந்த கதை

இறைபக்தி உள்ள குடும்பம் வீட்டில் தொலைக்காட்சி வைத்துக்கொள்ளலாமா? எத்தனையோ நாடுகளில், எத்தனையோ மதங்களில் எழுந்த கேள்வி இது. சவூதி அரேபியாவில் அது உயிர்ப்பலியே வாங்கியது. ரியாதில் ஒளிபரப்பு தொடங்கிய காலத்தில், காலித் பின் முஸாஇத் என்ற இளவரசர் தன் கருத்தை ஒத்தவர்களைத் திரட்டிக்கொண்டு தொலைக்காட்சி நிலையத்துக்கு எதிராகக் கிளம்பினார். காவலர்களோடு மூண்ட மோதலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது ஆட்சியில் இருந்த மன்னர் ஃபைசலுக்கு அவர் தம்பி மகன்.

பெரியப்பா கட்டிய நிலையம், அதை எதிர்த்து மாண்ட தம்பி மகன். ஒரே குடும்பம் இப்படி இரண்டாகப் பிளந்ததற்குக் காரணம் தெரிய வேண்டுமானால், படம் வருவதற்கு முன்பே அந்த மண்ணுக்கு வந்து சேர்ந்த குரலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாட்டை உருவாக்கிய மன்னர் அப்துல் அஸீஸ் தந்தியையும் தொலைபேசியையும் கொண்டுவந்தபோது அவருடைய படையினரே முகம் சுளித்தார்கள். இக்வான் எனப்பட்ட அந்தப் பாலைவனப் போர்வீரர்கள் அவருக்காக நகரங்களை வென்று கொடுத்தவர்கள். ஆனால் கம்பியில்லாமல் ஊர்விட்டு ஊர் பாயும் செய்தியில் அவர்களுக்கு ஷைத்தானின் வேலை தெரிந்தது. மன்னர்மீது அவர்கள் அடுக்கிய புகார்களில் தந்தியும் மோட்டார் வண்டியும் இருந்தன. 1929இல் ஸபிலா என்ற இடத்தில் நடந்த போரில் அவர்கள் தோற்றார்கள். மார்க்க அறிஞர்களான உலமாக்களை மன்னர் வேறு விதமாகச் சம்மதிக்கவைத்தார் என்று அந்நாட்டில் ஒரு நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தொலைபேசியின் ஒரு முனையில் ஒருவர் குர்ஆன் ஓத, மறுமுனையில் உலமாக்கள் அதைக் கேட்டார்களாம். இறைவசனத்தைச் சுமக்கும் கருவி ஷைத்தானுடையதாக எப்படி இருக்க முடியும் என்று மன்னர் கேட்க, அவர்களால் மறுக்க முடியவில்லையாம். 1949இல் ஹஜ் பருவத்தில், ஹாஜிகள் அரஃபாவில் கூடும் நாளில், ஜித்தாவிலிருந்து வானொலி பேசத் தொடங்கியது.

குரலுக்குக் கிடைத்த அனுமதி படத்துக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. உயிருள்ளவற்றின் உருவத்தைப் படைப்போருக்கு எதிரான நபிமொழிகள் மிகக் கடுமையானவை. உருவப்படம் தொங்கும் வீட்டில் வானவர் நுழைவதில்லை என்பது சிறு வயதிலேயே முஸ்லிம் பிள்ளைகள் கேட்டு வளரும் எச்சரிக்கை. இப்போதோ வீட்டுக் கூடத்தில், குடும்பமே அமரும் இடத்தில், பேசுகிற, சிரிக்கிற, நடக்கிற உருவங்கள் வரப்போகின்றன. கண்ணாடியிலும் தண்ணீரிலும் விழும் பிம்பம் எப்படியோ அப்படித்தான் இதுவும், யாரும் இதை வரையவில்லை, செதுக்கவில்லை என்றார்கள் ஒரு சாரார். பிம்பம் எதிரில் நிற்பவர் போனதும் போய்விடும், இதைப் பதிந்து வைத்து மறுபடி காட்டலாமே என்றார்கள் மறு சாரார். சட்ட நுணுக்கம் போலத் தோன்றும் இந்த வாதத்தின் அடியில் வீட்டைப் பற்றிய கவலை இருந்தது. அந்நிய ஆணும் அந்நியப் பெண்ணும் வாசலில் சலாம் சொல்லி, உத்தரவு பெற்று நுழைய வேண்டிய வீட்டில், எவர் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் வந்து அமரலாம் என்றால் அந்த வீட்டின் கண்ணியம் என்னவாகும்?

இந்த விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே நாட்டின் கிழக்குக் கரையில் பெட்டி வந்துவிட்டது. தஹ்ரானில் இருந்த அமெரிக்க விமானத் தளம் 1955இல் தன் வீரர்களுக்காக ஒரு சிறு ஒளிபரப்பை ஆரம்பித்தது. 1957இல் அராம்கோ எண்ணெய் நிறுவனம் தன் ஊழியர்களுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் அரபு மொழியிலேயே தொலைக்காட்சி நடத்தத் தொடங்கியது. அமெரிக்கப் படங்களுக்கு அரபுக் குரல் கொடுத்துக் காட்டினார்கள். கிழக்கு மாகாணத்தில் பெட்டி வாங்கும் வீடுகள் பெருகின.

மேற்கிலிருந்து வந்த காற்று இன்னும் பலமானது. கெய்ரோவின் 'அரபுகளின் குரல்' வானொலி, எகிப்திய அதிபர் நாஸரின் புரட்சிப் பேச்சைச் சவூதிக் கூடாரங்கள் வரை கொண்டுவந்து சேர்த்தது. அதில் மன்னராட்சியைத் தாக்கினார்கள். நடுவே மக்கள் உயிராய் நேசித்த பாட்டுகளைப் போட்டார்கள். 1962இல் பக்கத்து ஏமனில் இமாமின் ஆட்சி கவிழ்ந்தது. எகிப்தியப் படை அங்கே வந்து இறங்கியது. அதே ஆண்டு நவம்பரில், அப்போது பிரதமராக இருந்த ஃபைசல் பத்து அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார். அடிமைமுறை ஒழிப்பும் நீதித்துறைச் சீரமைப்பும் இடம்பெற்ற அந்தப் பட்டியலில், குடிமக்கள் எல்லோருக்கும் குற்றமற்ற பொழுதுபோக்கு கிடைக்கச் செய்வது என்ற வாக்குறுதியும் இருந்தது. சவூதித் தொலைக்காட்சியின் விதை அந்த வரிதான்.

ஃபைசல் மார்க்கத்தில் அசட்டையான மனிதர் அல்லர். எளிய வாழ்க்கையும் தொழுகைப் பற்றும் அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொண்டவை. அவருடைய தாய்வழிப் பாட்டனார் ரியாதின் பெரிய ஆலிம்களில் ஒருவர். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிராக 1963இல் புரைதா நகரம் கொந்தளித்தபோது அவர் படை அனுப்பிப் பள்ளியைக் காத்தார். அதே சமயம், மகளை அனுப்ப விரும்பாத தகப்பனை அவர் கட்டாயப்படுத்தவில்லை. பள்ளி திறந்திருக்கும், அனுப்புவதும் அனுப்பாததும் வீட்டார் முடிவு. தொலைக்காட்சியிலும் அவர் இதே வழியில்தான் நடந்தார். நிலையம் வரும், பெட்டி வாங்கச் சொல்லி எவரையும் அரசு நெருக்காது.

அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்து, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் மேற்பார்வையில் ரியாதிலும் ஜித்தாவிலும் நிலையங்கள் எழும்பின. நடத்திக்காட்டும் பொறுப்பு அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான என்பிசியிடம் போனது. 1965 ஜூலையில் கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பு தொடங்கியது. தினமும் மாலையில் சில மணி நேரம் மட்டும். குர்ஆன் ஓதித் திரை திறந்தது, குர்ஆன் ஓதியே மூடியது. தொழுகை வக்து வந்தால் நிகழ்ச்சி நின்று பாங்கு ஒலித்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கும் படங்களைத் தணிக்கை செய்ய நீண்ட விதிப்பட்டியல் இருந்தது. மது அருந்தும் காட்சி, சூதாட்டம், ஆபாசம், நடனமாடும் பெண்கள், இறைவேதம் பெற்ற மதங்களை இழிவுபடுத்தும் பேச்சு எல்லாவற்றுக்கும் கத்தரி. கவலையை விடுங்கள், வடிகட்டித்தான் தருவோம் என்று அரசு பக்திமான்களுக்கு வாக்குக் கொடுத்தது.

அந்த வாக்கை நம்ப மறுத்தவர்களில் ஒருவர்தான் காலித். அவர் ஆயுதமேந்தியதை என்னால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவர் பக்கம் நின்ற, வன்முறையில் இறங்காத எத்தனையோ தகப்பன்மார்களின் அச்சத்தில் உண்மை இருந்தது. இன்று வடிகட்டுகிறார்கள் சரி, நாளைக்கும் வடிகட்டுவார்களா என்று அவர்கள் கேட்டார்கள். காலம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது.

அதற்குள் பெட்டி தன் நல்ல முகத்தையும் காட்டிவிட்டது. டமாஸ்கஸில் பிறந்து, நீதிபதியாக இருந்து, 1960களில் சவூதியில் குடியேறியவர் அலீ அத்தன்தாவி என்ற முதியவர். 'ஒளியும் நேர்வழியும்' என்ற பொருள்படும் நிகழ்ச்சியிலும், நோன்பு மாதத்தில் 'இஃப்தார் விரிப்பில்' என்ற நிகழ்ச்சியிலும் அவர் பல ஆண்டுகள் பேசினார். மேடைக் குரல் கிடையாது, மிரட்டல் கிடையாது. நேயர்கள் எழுதிக் கேட்ட குடும்பச் சிக்கல்களுக்கு, வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல் பதில் சொல்வார். நடுவில் ஒரு பழைய கதைக்குப் போய், அதிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, சிரித்துக்கொண்டே திரும்பி வருவார். நோன்பு திறந்து பேரீச்சம்பழமும் கையுமாக இருக்கும் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அன்று ஓர் ஆலிமின் முன் அமரும் வாய்ப்புக் கிடைத்தது. படம் பற்றிய வாதங்களால் சாதிக்க முடியாததை இந்த ஒரு மனிதரின் முகம் சாதித்தது.

சச்சரவு ஓயவில்லை. 1975 மார்ச் 25இல் மன்னர் ஃபைசல் தன் அவையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் காலிதின் தம்பி. அண்ணனுக்காகப் பழிதீர்த்தாரா, வேறு காரணம் உண்டா என்பதில் இன்றுவரை கருத்து ஒன்றுபடவில்லை. 1979 நவம்பர் 20இல் ஜுஹைமான் அல் உதைபி என்பவர் ஆயுதக் கூட்டத்தோடு மக்காவின் பெரிய பள்ளிவாசலைக் கைப்பற்றினார். நாடு கெட்டுவிட்டது என்பதற்கு அவர் காட்டிய அடையாளங்களில் தொலைக்காட்சியும் ஒன்று. இரண்டு வாரம் ரத்தம் சிந்தி அரசு பள்ளிவாசலை மீட்டது. பிறகு, தான் அடக்கியவர்கள் கேட்டதில் ஒரு பகுதியை அதுவே செய்தது. திரையில் பெண் முகங்கள் குறைந்தன, மார்க்க நிகழ்ச்சிகள் கூடின. வடிகட்டி முன்னிலும் இறுகியது.

எவ்வளவு இறுக்கியும் வடிகட்டி உடைந்தது. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் புகுந்தபோது சவூதி ஊடகங்கள் அந்தச் செய்தியைப் பற்றிச் சில நாள் மூச்சுவிடவில்லை. எல்லையில் போர் வந்து நிற்க, மக்கள் அதை வெளிநாட்டு ஒலிபரப்புகளில் தெரிந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து எம்பிசி என்ற அரபு செயற்கைக்கோள் அலைவரிசை வந்தது. அதை நடத்தியவர்களும் சவூதிச் செல்வந்தர்களே. மாடிகளில் டிஷ் முளைத்தது. 1994இல் அரசு டிஷ்ஷுக்குத் தடை போட்டது. மாடிகள் அந்தத் தடையைப் பொருட்படுத்தவில்லை.

இந்தக் கதையில் என்னை உலுக்கும் இடம் இதுதான். ஒரு தலைமுறைக் காலம், என்ன பார்க்கலாம் என்பதை வீட்டாருக்காக அரசு முடிவு செய்தது. நல்லெண்ணத்தோடுதான் செய்தது. விளைவு, பக்தியுள்ள வீடு தன் காவலைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டது. இது போதும், அணைத்து விடு என்று தகப்பன் சொல்லிப் பழகவில்லை. ஏன் அணைக்கிறோம் என்று தாய் விளக்கிப் பழகவில்லை. பிள்ளைகள் தாங்களாகக் கண்ணைத் தாழ்த்தப் பழகவில்லை. திடீரென்று நூறு அலைவரிசை வந்தபோது கையில் இருந்த ரிமோட்டை என்ன செய்வது என்று பலருக்குத் தெரியவில்லை.

அந்தத் தடுமாற்றத்துக்குச் சமூகமே ஒரு விடை தேடியது. 2000களின் தொடக்கத்தில் அல் மஜ்த் என்ற தனியார் அலைவரிசைத் தொகுப்பு பிறந்தது. இசை இல்லை, பெண் உருவம் இல்லை; குர்ஆனும் பாடங்களும் குழந்தைகள் நிகழ்ச்சியும் உண்டு. பல குடும்பங்கள் இதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துண்டித்தன. வேறு சில குடும்பங்கள் பெட்டியே வேண்டாம் என்று நின்றன. இன்னும் பலர் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்கள். ஃபைசல் புரைதாவில் பள்ளிக்கூடத்துக்குச் சொன்ன விடைக்கே, சுற்றிவளைத்து, நாடு வந்து சேர்ந்தது.

நமக்கும் இதில் பங்குண்டு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன தமிழர்கள் ஊருக்குக் கொண்டுவந்த பொருள்களில் தொலைக்காட்சிப் பெட்டி முக்கியமானது. அதை வைத்துத் தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் இதே வாதம் நடந்தது. ஜும்ஆ மேடைகளில் பெட்டியைக் கண்டித்து முழங்கினார்கள். அதே வீடுகளில் இன்று ரமளான் இரவுகளில் மக்காவின் தராவீஹ் தொழுகை நேரலையில் ஓடுகிறது. ஹஜ்ஜுக்குப் போக வசதியில்லாத பெரியம்மா அரஃபா உரையைக் கண்ணீரோடு பார்க்கிறார். இரண்டையும் கண்ட வீடுகள் இவை. ஆகவே இவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதி இருக்கிறது.

என் முடிவைச் சொல்கிறேன். பக்தியுள்ள வீட்டில் தொலைக்காட்சி இருக்கலாம். ஆனால் அதைக் காப்பது அரசின் தணிக்கையோ ஆலிமின் ஃபத்வாவோ அல்ல, வீட்டாரின் விழிப்பு. கூடத்தில் எல்லோர் கண்ணுக்கும் நடுவே ஒரே ஒரு பெட்டி இருக்கட்டும். மஃரிபிலிருந்து இஷா வரை அது மூடியிருக்கட்டும். அந்த நேரம் ஓதலுக்கும் பிள்ளைகள் பாடத்துக்கும் பேச்சுக்கும் உரியது. பெரியவர் ஒருவர் கூட அமராமல் சிறுவர் பார்க்க வேண்டாம். அணைத்த பிறகு, பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசட்டும். இவ்வளவும் நம் வீட்டில் நடக்காது என்று உணரும் குடும்பம் பெட்டியே இல்லாமல் வாழட்டும். அந்த வீட்டுப் பிள்ளையை உலகம் தெரியாதவன் என்று யாரும் கேலி செய்ய உரிமையில்லை. தங்கள் பலவீனத்தை அறிந்து வேலி போட்டவர்கள் அவர்கள்.

காலிதின் தலைமுறை அஞ்சிய பெட்டி சுவரோரம் நின்றது. அதில் ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள். தவறு நேர்ந்தால் எல்லோருக்கும் தெரிந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் தனித்தனித் திரை இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் ஐந்து பேர் ஐந்து உலகங்களில் இருக்கிறார்கள். பெட்டியை விலக்கிவிட்டோம் என்று பெருமைப்படும் வீட்டிலும் பதினான்கு வயதுப் பிள்ளையின் கைப்பேசியைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் துணிவு பெற்றோருக்கு இல்லை. தொலைக்காட்சி வேண்டுமா வேண்டாமா என்று இனிமேலும் வாதாடுகிறவர்கள் முதலில் அந்தச் சின்னத் திரைக்கு நேரமும் இடமும் வகுக்கட்டும். அதைச் செய்த வீட்டுக்கு, கூடத்துப் பெட்டியை என்ன செய்வது என்று வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.